ஹலோ யாருடைய காதலியும் இல்லை

கிரகாம் பெல்லுக்கு ஒரு காதலி இருந்தாளாம். அவள் பெயர் மார்கரெட் ஹலோவாம். தொலைபேசியைக் கண்டுபிடித்த கையோடு அவர் முதலில் கூப்பிட்டது அவளைத்தானாம், அதனால்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க போனை எடுத்ததும் ‘ஹலோ’ என்கிறோமாம். பெல்லை உலகம் மறந்தாலும் அவர் காதலியை மறக்கவில்லை, அதுதான் காதலின் சக்தி என்று கடைசியில் ஒரு வரி, பக்கத்தில் இரண்டு ரோஜாப்பூ. வாட்ஸ்அப் வைத்திருக்கிற தமிழர் எவரும் இதிலிருந்து தப்பியிருக்க வாய்ப்பில்லை. எங்கள் குடும்பக் குழுவில் பெரியப்பா இதை வருஷம் தவறாமல் அனுப்புவார், பெரும்பாலும் பிப்ரவரியில். கடைசியாக வந்தபோது பொறுக்க முடியாமல், “பெரியப்பா, இது கட்டுக்கதை, பெல்லோட மனைவி பேரு மேபெல்” என்று போட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “இருக்கட்டும்பா, கதை நல்லாத்தானே இருக்கு” என்று எழுதி ஒரு கும்பிடும் வைத்துவிட்டு, அடுத்ததாக வெந்தயத்தின் பயன்களை அனுப்பிவிட்டார்.

அந்த ‘நல்லாத்தானே இருக்கு’ என்னை விடவே இல்லை. பொய் என்பதற்காக இல்லை. வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் உரசிப் பார்த்துக்கொண்டிருந்தால் பிழைப்பு என்னாவது. எனக்கு உறுத்தியது, அந்தக் கதை நன்றாகவே இல்லை என்பதுதான். எந்தக் காதலன் காதலியை அவள் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான்? பெல் அவளை அழைத்திருந்தால் ‘மார்கரெட்’ என்றுதானே அழைத்திருப்பார், அப்புறம் நாமெல்லாம் போனை எடுத்ததும் ‘மார்கரெட், யாருங்க பேசறது?’ என்றல்லவா கேட்டுக்கொண்டிருப்போம்? இது போகட்டும். அந்தக் கற்பனைப் பெண்ணைக் கொண்டுவந்து உட்காரவைத்த இடத்தில் ஏற்கெனவே ஒரு நிஜமான பெண் உட்கார்ந்திருக்கிறார். அவர் கதை இதைவிடப் பல மடங்கு விசித்திரமானது. அதை மறைத்துவிட்டுத்தான் ரோஜாப்பூ வைக்கிறோம். அவரிடம் வருவதற்கு முன்னால் ஹலோவின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

அஹோய், யாருங்க பேசறது?

1876 மார்ச் 10, பாஸ்டன். ஓர் அறையில் பெல், இன்னோர் அறையில் அவருடைய உதவியாளர் தாமஸ் வாட்சன். காப்புரிமை கிடைத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது, ஆனால் கருவி அதுவரை ஒரு வாக்கியத்தைக்கூட ஒழுங்காகக் கடத்தியதில்லை. அன்றைக்குக் கடத்தியது. “மிஸ்டர் வாட்சன், இங்கே வாருங்கள், உங்களைப் பார்க்க வேண்டும்.” பெல் தன் குறிப்பேட்டில் அன்றே எழுதிவைத்த வாக்கியம் இது, இன்றும் இருக்கிறது. காதல் வசனம் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். முதலாளி பக்கத்து அறையிலிருந்து உதவியாளரைக் கூப்பிட்டிருக்கிறார், அவ்வளவுதான். அதில் ஹலோவும் இல்லை, மார்கரெட்டும் இல்லை.

அதோடு பெல்லுக்கு ஹலோ என்ற சொல் பிடிக்கவும் இல்லை. போனில் சொல்ல அவர் விரும்பியது ‘அஹோய்’. கப்பலிலிருந்து இன்னொரு கப்பலைப் பார்த்து மாலுமிகள் போடுகிற கூச்சல் அது. கடைசிவரை அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார் என்பார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது: நடுவில் பெரிய இடைவெளி, எதிரில் இருப்பவர் முகம் தெரியாது, இருக்கிறாரா என்று பார்க்கக் கத்த வேண்டும். அவர் விருப்பம் ஜெயித்திருந்தால் நம் ஊரில் எல்லோரும் ‘அஹோய், மாமா இருக்காரா?’ என்று கேட்டுக்கொண்டிருந்திருப்போம். அந்தச் சொல் வீணாகவும் போய்விடவில்லை. செக் நாட்டிலும் ஸ்லோவாக்கியாவிலும் நண்பர்களைப் பார்த்தால் ‘அஹோய்’ என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு நாட்டுக்கும் கடலே கிடையாது என்பதுதான் வேடிக்கை.

ஆக, ஹலோ பெல்லின் காதலி இல்லை என்பதோடு நிற்கவில்லை விஷயம். ஹலோ பெல்லுக்கு எதிர்க்கட்சி. அதை நிறுத்தி ஜெயிக்கவைத்த ஆள் வேறு.

காலிங் பெல் வேண்டாம்

சொல் பழசு. ஆனால் ‘ஹலோ’ என்ற இந்த வடிவம் அவ்வளவு பழசு இல்லை. 1826-ல் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து நாரிச் நகரப் பத்திரிகை ஒன்றில் ‘ஹலோ, ஜிம்!’ என்று வருகிறது. அச்சில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. அதற்கு முன்னால் ஹல்லோ, ஹாலோ, ஹொல்லோ, ஹல்லூ என்று வாய்க்கு வந்தபடியெல்லாம் இருந்திருக்கிறது. வேட்டைக்குப் போகிறவர்கள் நாயை ஏவிவிடப் போடுகிற சத்தம் அதில் ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இன்னும் பின்னால் போய், பழைய ஜெர்மனில் ‘கொண்டுவா’ என்ற பொருளில் வழங்கிய ஒரு வினைச்சொல்லின் ஏவலோடு இதைத் தொடர்புபடுத்துகிறது. ஆற்றின் அக்கரையில் இருக்கிற ஓடக்காரனைக் கூப்பிட அந்தச் சொல்லைத்தான் கத்துவார்களாம். இந்த விளக்கத்தைப் படித்தபோது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அக்கரையில் ஆள் இருக்கிறானா, நான் கத்துவது அவன் காதில் விழுகிறதா, விழுந்தால் ஓடத்தை எடுத்துக்கொண்டு வருவானா. தொலைபேசிக்கு இதைவிடப் பொருத்தமான பூர்வீகம் ஏது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொலைபேசிக்கு முன்னால் இந்தச் சொல் வணக்கம் சொல்லப் பெரிதாகப் பயன்படவில்லை. தூரத்தில் போகிறவரைக் கூப்பிட, இல்லாவிட்டால் எதையாவது பார்த்து ஆச்சரியப்பட. ‘ஹலோ, இதென்ன இங்கே கிடக்குது?’ என்ற தொனியில். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இந்த ஆச்சரிய ஹலோ இன்றும் மிச்சமிருக்கிறது. லண்டன் போலீஸ்காரரைக் கிண்டல் செய்பவர்கள் மூன்று தடவை அடுக்கிச் சொல்வது அதைத்தான். மரியாதைப்பட்டவர்கள் நேரில் சந்தித்தால் ‘குட் மார்னிங்’, ‘ஹவ் டு யூ டூ’. ஹலோ என்பது தெருச் சத்தம்.

அந்தத் தெருச் சத்தத்தை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர் எடிசன். 1877-ல் தொலைபேசி என்பது இரண்டு இடங்களுக்கு நடுவே இழுத்த ஒரு கம்பி, அவ்வளவுதான். எண் கிடையாது, எக்ஸ்சேஞ்ச் கிடையாது, மணியும் கிடையாது. கம்பி எந்நேரமும் திறந்தே கிடக்கும். அந்தப் பக்கம் இருப்பவர் மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். அவரை எப்படிக் கூப்பிடுவது? பென்சிலால் கருவியின் தகட்டைத் தட்டிப் பார்த்தார்கள். மணி ஒன்றைச் சேர்க்கலாம் என்று யோசித்தார்கள். மணி வைத்தால் செலவு. பிட்ஸ்பர்க் நகரில் தொலைபேசி சேவை தொடங்கத் திட்டமிட்டுக்கொண்டிருந்த டி.பி.ஏ. டேவிட் என்ற தந்தி நிறுவனத் தலைவருக்கு 1877 ஆகஸ்ட் 15 அன்று எடிசன் ஒரு குட்டிக் கடிதம் எழுதினார். காலிங் பெல் தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை, ‘ஹலோ!’ என்று சொன்னால் 10 முதல் 20 அடி தூரம்வரை கேட்கும், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதுதான் மொத்தக் கடிதமும். கீழே பின்குறிப்பாக, பேசும் கருவியும் கேட்கும் கருவியும் சேர்த்துத் தயாரிப்புச் செலவு 7 டாலர்தான் என்று ஒரு வரி.

காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. ஹலோ ஒரு சிக்கன நடவடிக்கை. பெல்லின் போட்டியாளர் ‘பெல் வேண்டாம்’ என்று எழுதியதில் எடிசனுக்கு உள்ளூர ஒரு சிரிப்பு இருந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் கடிதத்தைத் தேடிப் பிடித்து இதன் முக்கியத்துவத்தைச் சொன்னவர் ஆலன் கோனிக்ஸ்பர்க். புரூக்ளின் கல்லூரியில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் கற்பித்தவர், பழைய ஃபோனோகிராஃப் கருவிகளில் பித்துப் பிடித்தவர். 1992-ல் நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது. அதாவது உண்மை வெளியே வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மார்கரெட் ஹலோ அதற்குப் பிறகும் இளமை குன்றாமல் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

மேபெல்

நான் சொல்ல வந்தது இந்தப் பகுதியைத்தான்.

மேபெல் ஹப்பர்ட் பிறந்தது 1857 நவம்பர் 25. ஐந்து வயதில் ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து காது முழுவதுமாகப் போய்விட்டது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு குழந்தை பேச்சையும் மெல்ல மறந்துவிடும், அது இயல்பு என்று விட்டுவிடுவார்கள். அப்பா கார்டினர் ஹப்பர்ட் விடவில்லை. வழக்கறிஞர், வசதியானவர். மகளுக்கு உதடு பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார், காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சு கற்பிக்க 1867-ல் மாசசூசெட்ஸில் கிளார்க் பள்ளி உருவாவதில் முன்நின்றார். குடும்பம் கொஞ்ச காலம் ஜெர்மனியில் இருந்தபோது மேபெல் ஜெர்மன் பேசுபவர்களின் உதடுகளையும் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். காது கேளாத சிறுமி, இரண்டு மொழியில்.

பெல் அவருக்கு ஆசிரியராக வந்தார். பெல்லின் அம்மாவுக்கும் காது சரியாகக் கேட்காது. மற்றவர்கள் அம்மாவின் காதுக்குழாயில் கத்தும்போது சின்னப் பையன் பெல் நெற்றிக்குப் பக்கத்தில் வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசுவாராம், அதிர்வு எலும்பில் படட்டும் என்று. அப்பாவின் தொழிலோ பேச்சொலிகளை எழுத்தாக வரைந்து காட்டுகிற ஒரு முறையைப் பரப்புவது. பெல் பாஸ்டனுக்கு வந்ததே அந்த முறையைக் காது கேளாதோர் பள்ளி ஆசிரியர்களுக்குக் கற்பிக்கத்தான். மின்சாரம் அவருக்கு இரவு நேரப் பித்து. பகலில் அவர் வாத்தியார். தன்னைவிடப் பத்து வயது சிறியவரான மாணவி மேபெலைக் காதலித்தார், மேபெலின் பதினெட்டாவது பிறந்தநாளில் நிச்சயம் ஆனது. தொலைபேசிக்குப் பணம் போட்டவர்களில் ஒருவர் மேபெலின் அப்பா. சொல்லப்போனால், பெல் டெலிபோன் கம்பெனியைக் கட்டி எழுப்பியவரே வருங்கால மாமனார்தான்.

1876 ஜூனில் பிலடெல்பியாவில் பெரிய கண்காட்சி. தொலைபேசியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பெல் போக மாட்டேன் என்றார், மாணவர்களுக்குப் பரீட்சைத் தாள் திருத்த வேண்டுமாம். வாத்தியார் புத்தி. மேபெல் ரகசியமாக டிக்கெட் வாங்கி, பெட்டி கட்டி, அவரை ஏமாற்றி ரயில் நிலையத்துக்கே அழைத்துப்போய்விட்டார் என்று ஒரு கதை உண்டு. விஷயம் புரிந்து பெல் வாதாட ஆரம்பித்ததும் மேபெல் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். உதடு தெரியாவிட்டால் பேச்சு கேட்காது. விவாதம் முடிந்தது, பெல் வண்டி ஏறினார். கண்காட்சியில் பிரேசில் பேரரசர் இரண்டாம் பெட்ரோ காதில் வைத்துப் பார்த்து அசந்துபோனார், அங்கிருந்துதான் தொலைபேசி ஊர் அறியும் பொருளானது. கதையில் கொஞ்சம் உப்பு புளி சேர்ந்திருக்கலாம். ஆனால் வாட்ஸ்அப் காதலைவிட இது எவ்வளவு மேல்.

1877 ஜூலை 11 அன்று கல்யாணம். கம்பெனி தொடங்கி இரண்டு நாள்தான். மாப்பிள்ளை தன் பங்குகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே மணப்பெண்ணுக்கு எழுதிக்கொடுத்தார். பிற்காலத்தில் பெல் விமானத்தின் பின்னால் அலைந்தபோது அதற்கு நடத்திய குழுவுக்குப் பணம் போட்டதும் மேபெல்தான்.

இப்போது அந்த ஃபார்வர்டை மறுபடி படித்துப் பாருங்கள். பெல் போனை எடுத்துக் காதலியைக் கூப்பிட்டாராம். அவருடைய நிஜக் காதலிக்குப் போனில் எதுவும் கேட்காது. உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் அவர் போன் செய்திருக்கலாம், மேபெலுக்கு மட்டும் செய்ய முடியாது. எந்தக் கருவியின் பங்குகள் அந்தப் பெண்ணின் பெயரில் இருந்தனவோ அந்தக் கருவி அவருக்கு ஒரு மரப்பெட்டி. இதை யாரோ ஒருவர் மறந்தோ மறைத்தோ, ‘ஹலோ’ என்று கேட்டுச் சிரிக்கிற ஒரு மார்கரெட்டை உண்டாக்கி விட்டிருக்கிறார். பெரியப்பாவிடம் எனக்கு இருக்கிற கோபம் எல்லாம் இவ்வளவுதான்.

எடிசனும் இந்தக் கதையில் வெளியாள் இல்லை. சிறுவயதிலிருந்தே அவருக்கும் காது மந்தம். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு பறவை கூவிக் கேட்டதே இல்லை என்று எழுதியிருக்கிறார். பெல்லின் கருவியில் வந்த கீச்சுக் குரல் தனக்குக் கேட்காததால்தான் குரலை உரக்கக் கடத்துகிற கார்பன் கருவியைச் செய்ய முனைந்தேன் என்பது அவர் கட்சி. அதே 1877-ல் ஒலிப்பதிவுக் கருவியின் ஆரம்பச் சோதனையில் ‘ஹல்லூ! ஹல்லூ!’ என்று கத்தியதும், காகிதத்தைத் திரும்ப ஓட்டியபோது அது மெல்லியதாகத் திரும்பி வந்ததும் அவரே சொன்ன சங்கதி. காது மந்தமான ஒருவர் தேர்ந்தெடுத்த சொல் என்றால் அது கத்துவதற்கு வசதியாகத்தான் இருக்கும். ‘ஹ’வில் மூச்சைத் தள்ளி ‘லோ’வில் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். ‘குட் மார்னிங்’கை இழுத்துக் கத்திப் பாருங்கள், தெரியும்.

பெல்லை ஒரேயடியாகக் கோயில் கட்டிக் கும்பிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காது கேளாதவர்கள் சைகை மொழியில் பேசிக்கொள்வதை அவர் எதிர்த்தார். அவர்கள் தங்களுக்குள் திருமணம் செய்துகொண்டால் அது தனி இனமாகிவிடும் என்று 1883-ல் ஓர் அறிக்கையே வாசித்தார். காது கேளாதோர் சமூகத்தில் பலர் இன்றும் அவரை மன்னிக்கவில்லை, அதில் நியாயம் இருக்கிறது. இத்தனைக்கும், 1922-ல் கனடாவில் அவர் சாகும் தறுவாயில் மேபெல் “என்னை விட்டுப் போகாதீர்கள்” என்று கேட்டதாகவும், பேச முடியாத பெல் விரல்களால் ‘இல்லை’ என்று சைகை காட்டியதாகவும் அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஐந்தே மாதத்தில் மேபெலும் போய்விட்டார்.

அறிமுகமில்லாமல் பேசுவது

எடிசன் சொன்னதும் ஊர் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ‘என்ன வேண்டும்?’, ‘பேசத் தயாரா?’, ‘இருக்கிறீர்களா?’ என்றெல்லாம் பலவிதமாகத் தொடங்கிப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் அந்த ‘இருக்கிறீர்களா’ கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. 1878 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஒரு தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் திறந்தார்கள், வணிகரீதியாக நடந்த முதல் எக்ஸ்சேஞ்ச் என்று அதைத்தான் சொல்வார்கள். அங்கே அந்த வருஷ நவம்பரில் வந்த தொலைபேசிப் புத்தகத்தில் எப்படிப் பேச வேண்டும் என்று பாடமே நடத்தியிருந்தார்கள்: ஆரம்பிக்கும்போது ‘ஹல்லோவா’ சொல்லவும், முடிக்கும்போது ‘தட் இஸ் ஆல்’ சொல்லவும். 1880-ல் நயாகராவில் தொலைபேசி கம்பெனிகளின் மாநாடு கூடியபோது வந்தவர்கள் சட்டையில் ‘ஹலோ’ என்று பட்டை குத்தியிருந்தார்களாம். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த பெண்களுக்கு ‘ஹலோ கேர்ள்ஸ்’ என்றே பெயர் வந்துவிட்டது. (முதலில் பையன்களைத்தான் வைத்தார்கள். அவர்கள் வாடிக்கையாளர்களைத் திட்டித் தீர்த்ததால் 1878-லேயே பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள்.) முதல் உலகப்போரில் பிரான்ஸ் போர்முனையில் தொலைபேசி இணைப்பு கொடுக்கப் போன அமெரிக்கப் பெண்களுக்கும் அதே பெயர்தான். அவர்களைப் படைவீரர்கள் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள 1977 ஆகிவிட்டது, அது ஒரு தனி அநியாயம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அன்றைய ஆங்கிலேய, அமெரிக்கப் பெரிய மனிதர்கள் உலகில் மூன்றாம் மனிதர் ஒருவர் அறிமுகம் செய்துவைக்காமல் பேசுவது அநாகரிகம். போன் வந்து அதை ஒரே நாளில் குழப்பிவிட்டது. யார் கூப்பிடுகிறார் என்றே தெரியாது. பெரியவரா சின்னவரா, முதலாளியா மளிகைக்காரரா, எந்த மரியாதையில் ஆரம்பிப்பது? ஆள், வயது, அந்தஸ்து எதற்கும் ஒட்டாத ஒரு சத்தம் தேவைப்பட்டது. நம்மைப் போல நீ, நீங்கள் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் சட்டென்று புரியும். ‘ஹலோ’வில் ஒருமையும் இல்லை பன்மையும் இல்லை. அந்தப் பக்கம் குரல் கேட்டு ஆளைக் கணக்குப் போட ஒரு நொடி அவகாசம் கிடைக்கிறது, அதற்குள் ‘சொல்லுங்க’வா ‘சொல்லுடா’வா என்று முடிவுசெய்துகொள்ளலாம்.

எல்லா நாடும் இதற்கு மயங்கிவிடவில்லை. இத்தாலியர்கள் ‘தயார்’ என்ற பொருளில் ‘ப்ரொன்டோ’ என்கிறார்கள், ஜப்பானில் ‘மோஷி மோஷி’, சீனாவில் ‘வேய்’. பிரெஞ்சுக்காரர்கள் ‘அல்லோ’வைப் போனுக்கு மட்டும் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள், நேரில் சொன்னால் சிரிப்பார்கள். ஹங்கேரிக்காரர்களிடம் நம்முடையதைப் போலவே ஒரு ஃபார்வர்டு இருக்கிறது: எடிசனோடு வேலை செய்த திவதார் புஷ்காஷ் என்ற ஹங்கேரியர், முதன்முதலாகக் குரல் கேட்டதும் தன் தாய்மொழியில் ‘ஹல்லோம்’, அதாவது ‘கேட்கிறது’, என்று கத்தினார், அதுவே ஹலோ ஆனது என்று. சொல் அவருக்கு முன்பே அச்சில் இருந்ததால் இதுவும் நிற்காது. ஆனால் புஷ்காஷ் நிஜ மனிதர், பின்னாளில் புடாபெஸ்டில் தொலைபேசி வழியே செய்தி வாசிக்கும் சேவையையே தொடங்கினார். கட்டுக்கதை விடுவதென்றாலும் இப்படி ஒரு அடிப்படையோடு விட வேண்டும்.

நம் ஊரில்

நியூ ஹேவன் திறந்து சரியாக நான்கு வருஷம் கழித்து, அதே ஜனவரி 28 அன்று, 1882-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் எக்ஸ்சேஞ்ச் திறப்பு அறிவிக்கப்பட்டது. அப்போதே ஹலோவும் கப்பல் இறங்கியிருக்க வேண்டும். வந்த சொல்லை நாம் வெறுமனே வைத்துக்கொள்ளவில்லை, அதன் பழைய குணங்களையெல்லாம் நமக்கே தெரியாமல் உயிரோடு வைத்திருக்கிறோம். கோயில் திருவிழாவில் சவுண்டு சர்வீஸ்காரர் ‘ஹலோ, மைக் டெஸ்டிங், ஹலோ, ஒன் டூ த்ரீ’ என்கிறாரே, அவர் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. எடிசன் செய்த அதே வேலை, கருவி கேட்கிறதா என்று பார்ப்பது. டிரங்க் கால் காலத்தில் தெருவுக்கே கேட்கும்படி ‘ஹலோ... ஹலோ...’ என்று கத்தியவர்கள் அக்கரை ஓடக்காரனைக் கூப்பிட்டவர்களின் நேரடி வாரிசுகள். ரேஷன் கடையில் நடுவில் நுழைகிறவரைப் பார்த்து ‘ஹலோ! வரிசை அங்க இருக்கு’ என்று ஒரு குரல் வருமே, அதில் வேட்டைக்காரனின் ஹல்லூ கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

போனில்தான் இப்போது அதன் செல்வாக்கு சரிகிறது. திரையில் பெயர் வந்துவிடுவதால் தெரிந்தவர்களிடம் யாரும் ஹலோ சொல்வதில்லை, ‘சொல்லு’, ‘எங்க இருக்க?’, ‘சாப்டியா?’ என்று நேராக உள்ளே போய்விடுகிறோம். என் தலைமுறைக்கு ஹலோ என்பது தெரியாத எண்ணுக்கு மட்டும், அதுவும் பாதி சந்தேகத்தோடு. கடன் வேண்டுமா என்று கேட்கிற இயந்திரக் குரல் நம் ஹலோவைக் கேட்ட பிறகுதான் ஆரம்பிக்கிறது என்பதால் வாயே திறக்காமல் காத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று, அந்த 1878 புத்தகம் கற்றுக்கொடுத்த இரண்டில் முதலாவது நிலைத்தது, ‘தட் இஸ் ஆல்’ மட்டும் எங்கும் போணியாகவில்லை. முடிப்பதற்கு நாமே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டோம்: ‘சரி, வெச்சிடட்டுமா?’ ரிசீவரை வைக்கிற தாங்கியே இல்லாத போனிலும் அதைத்தான் கேட்கிறோம். எதிர்ப்பக்கம் ‘சரி, வை’ என்று சொல்லிவிட்டு, உடனே ‘அப்புறம், சொல்ல மறந்துட்டேன்...’ என்று ஆரம்பித்தால் இன்னும் இருபது நிமிடம் நிச்சயம்.